திண்டிவனம் பாசஞ்சரின் எதிர்க்கட்சி

நான் அவரை முதன்முதலில் பார்த்த நாளில் நல்ல மழை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் காலைப் பாசஞ்சரில் சாரல் உள்ளே அடித்தது. "ஜன்னல மூடிடலாமா?" என்று யாரோ கேட்டார். பெட்டி முழுக்க "மூடு, மூடு" என்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாள் மட்டும், முந்தானையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, "எனக்கு ஆட்சேபனை இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே எழுந்து ஷட்டரை இழுத்து மூடினார்.

பக்கத்தில் இருந்தவரிடம், "இவங்களுக்கு இன்னா பிரச்சினை?" என்று கேட்டேன்.

"பிரச்சினைலாம் ஒண்ணும் இல்ல. அவங்கதான் எங்க எதிர்க்கட்சி" என்றார் அவர், ஏதோ மாமா, சித்தப்பா உறவைச் சொல்வது போல.

விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் வேலைக்கு நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். தினமும் போய்வர மாதச் சீசன் டிக்கெட். அந்தப் பெட்டியில் எங்களைப் போல் சீசன்காரர்கள் இருபது பேர் இருந்தோம். கோர்ட்டு, ஆஸ்பத்திரி, கடை, ஆபீஸ் என்று ஆளுக்கொரு வேலை. வருடக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்து வந்ததில், முன்பதிவில்லாத அந்தப் பெட்டியின் பாதி எங்களுக்குப் பட்டா ஆகிவிட்டதாகவே ஒரு நினைப்பு. மின்விசிறியைத் திருப்புவதா, பொங்கலுக்கு எங்கே சுற்றுலா போவது, யார் வீட்டு ஊறுகாய் நன்றாக இருக்கிறது, எல்லாவற்றையும் கைதூக்கித்தான் முடிவு செய்வார்கள். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அந்த அம்மாள்தான் என்பதும், கொண்டுவந்த நாளிலிருந்து ஒரு வாக்கெடுப்பில்கூட அவர் ஜெயித்ததில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. எல்லாருக்கும் அவர் 'ஆப்போசிசன் அக்கா'. சொந்தப் பெயர் சீசன் டிக்கெட்டோடு அவருடைய கைப்பைக்குள் பத்திரமாக இருந்தது.

அக்காவுக்குத் தபால் இலாகாவில் வேலை. விழுப்புரத்துக்கு மாற்றலாகி வருமுன் நீண்ட காலம் டெல்லியில் இருந்தவர். அங்கே அவருடைய அலுவலகத்திலிருந்து நாடாளுமன்றம் நடந்துபோகிற தூரம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தயவில் பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ் கிடைக்கும். லீவு போட்ட நாளெல்லாம் போய் உட்கார்ந்துவிடுவாராம். தேசபக்தியா என்று கேட்டேன்.

"டெல்லி வெயிலு உனக்குத் தெரியாது தம்பி. காசு குடுக்காம ஏசியில உக்கார எனக்கு வேற எடம் தெரில."

ஏசிக்காகப் போனவர் சபையில் மனதைக் கொடுத்துவிட்டார். கூட்டணி ஆட்சி நடந்த சபையையும் பார்த்தார், ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை வந்த சபையையும் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை எங்களுக்குச் சொல்வதில் அவருக்குச் சலிப்பே கிடையாது.

"கூட்டணி காலத்துல ஒரு மெம்பர் இருமினாக்கூட மந்திரிங்க திரும்பிப் பாப்பாங்க, எங்க எழுந்து போயிடுவாரோன்னு. மெஜாரிட்டி வந்துச்சு பாரு, அப்புறம் ஒருத்தர் தொண்டை கிழியக் கத்திக்கினு இருப்பாரு. எதிர்ல இருக்கிறவரு பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட பொண்ணு கல்யாணத்தப் பத்திப் பேசிக்கினு இருப்பாரு. எதிர்க்கட்சித் தலைவர்னு ஒரு பதவி. பத்துல ஒரு பங்கு சீட்டாச்சும் வேணும்னாங்க. எந்தக் கட்சிக்கும் அவ்ளோ இல்ல. அந்தப் பதவி அப்படியே காலியா கெடந்துச்சு."

"அப்ப மெஜாரிட்டியே தப்புங்கிறீங்களா?"

"யார் சொன்னது? சுதந்திரம் வந்த புதுசுல இருந்த சபையிலயும் மெஜாரிட்டிதான், கொஞ்சநஞ்சம் இல்ல. எதிர்ல உக்காந்தவங்க கொஞ்சம் பேருதான். ஆனா அவங்கள மணிக்கணக்கா பேச வுட்டு உக்காந்து கேட்டாங்களாம். மெஜாரிட்டி இருக்கட்டும் தம்பி. இருக்குதேன்னு காது அடைச்சுப் போவுது பாரு, அதான் பேஜாரு."

இதைச் சொல்லும்போது அவர் பக்கத்தில் இருந்தவருடைய வேகவைத்த நிலக்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் இரண்டு முறை முனகியது அவர் காதில் விழவே இல்லை.

எதற்கும் 'இல்லை' சொல்லும் பழக்கம் எப்படி வந்தது என்பதையும் ஒருநாள் அவரே சொன்னார். மாடத்தில் உட்கார்ந்தால் பேசக் கூடாது, கைதட்டக் கூடாது, கால்மேல் கால் போட்டால்கூட ஆள் வந்து தட்டுவார். "அத்தினி வருசம் வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன். கீழ பாத்தா பெஞ்சு பெஞ்சா ஆளு. ஒரு மசோதா வரும், டீ ஆறதுக்குள்ள பாஸாயிடும். ஒருத்தராச்சும் எழுந்து சத்தமா 'இல்ல'ன்னு சொல்ல மாட்டாங்களான்னு மனசு அடிச்சிக்கும். ஊருக்கு வந்ததும் நானே சொல்லிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

அப்படியே செய்தார். சுற்றுலாவுக்கு இரும்பைக் கோயில், அங்கிருந்து பொம்மையார்பாளையம் கடற்கரை என்று தீர்மானம் வந்தபோது செஞ்சிக்கோட்டைதான் வேண்டுமென்று பத்து நிமிடம் பேசினார். ஒற்றை ஓட்டில் தோற்றார், அதாவது அவருடைய ஒற்றை ஓட்டோடு தோற்றார். சுற்றுலா நாளில் வேனில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் பிடித்தவரும் அவர்தான். பொம்மையார்பாளையத்தில் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் நின்று சின்னப்பிள்ளை போலக் கத்திக்கொண்டிருந்தார். "எதிர்த்து ஓட்டுப் போட்டீங்களே" என்று கேட்டதற்கு, "எதிர்த்தா அனுபவிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்று என் மேலேயே தண்ணீரை வாரி அடித்தார். எங்கள் கடையில் எடுத்த வேட்டி, புதுசு. எனக்குக் கோபம் வந்தது, ஐந்து நிமிடத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. அவரிடம் அதற்குமேல் கோபத்தை வைத்துக்கொள்ள முடியாது.

வெளிநடப்பும் உண்டு. ஓடும் ரயிலில் எங்கே நடப்பது? எழுந்து விறைப்பாகக் கைகழுவும் இடம் வரை போவார். வழியில் பேரணி என்ற ஸ்டேஷன் வந்ததும் திரும்பி வந்து, "இன்னா முடிவு பண்ணீங்க?" என்று கேட்டுக்கொண்டே டிபன் டப்பாவைத் திறப்பார். வீட்டிலும் இதே கதைதான். அவருடைய கணவரை ஒருமுறை திண்டிவனம் பிளாட்பாரத்தில் சந்தித்தேன். மெதுவாகப் பேசுகிற மனிதர். "வீட்ல நானும் ரெண்டு பசங்களும் ஆளுங்கட்சி. மூணுக்கு ஒண்ணு. எல்லா ஓட்டும் நாங்கதான் ஜெயிப்போம். சாம்பார் மட்டும் அவ இஷ்டந்தான்" என்றார்.

பெட்டியில் ஆளுங்கட்சித் தலைவர் ஒரு டூவீலர் ஷோரூம் மேனேஜர். கெட்டவர் இல்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஆட்டோ பிடிப்பவர் அவர்தான். ரயில் வந்ததும் தாவி ஏறி எல்லாருக்கும் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவரும் அவர்தான். அதனாலேயே இருபதில் பதினைந்து பதினாறு கை எப்போதும் அவர் கையோடு சேர்ந்து தூக்கும். மிச்சம் இருக்கிற மூன்று நான்கு கைகளும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவதா வேண்டாமா என்று யோசிக்கும்.

அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. திண்டிவனத்துக்கு அடுத்த ஸ்டேஷன் மயிலம். அங்கே விவசாயக் கூலிக்குப் போகும் பெண்கள் பத்துப் பேர் ஏறுவார்கள். களை எடுக்க, நாற்று நட, மல்லாட்டை பிடுங்க என்று விக்கிரவாண்டியில் இறங்கிப் போவார்கள். கையில் கூடை, கேப்பைக் கூழ்த் தூக்குச்சட்டி, காலில் முந்தின நாள் சேறு. ஒருநாள் ரயில் குலுங்கியதில் ஒரு தூக்கு சாய்ந்து, மேனேஜரின் வெள்ளைக் கால்சட்டையில் கூழ் அபிஷேகம் ஆகிவிட்டது. அன்றைக்கு ஷோரூமில் முதலாளி வருகிற நாள். மனிதர் நொந்துபோனார். மறுநாளே தீர்மானம் கொண்டுவந்தார்: இனி மயிலத்தில் இரண்டு கதவிலும் நம் ஆள் நிற்பது, 'இது சீசன் பெட்டி, பின்னாடி போங்க' என்று சொல்லிவிடுவது.

மயிலத்தில் ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும். பிளாட்பாரத்துக்குள் வரும் வழிக்கு நேராக வந்து நிற்பது எங்கள் பெட்டி. கூடையும் தூக்குமாக அறுபது வயதுப் பெண்கள் பின்பெட்டிக்கு ஓடி ஏறுவது நடக்காத காரியம். ரயிலை விட்டால் வேலை போச்சு, அன்றைய கூலி போச்சு. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்ல அக்கா எழுந்து வாயைத் திறந்தார்.

மேனேஜர் அதற்கும் தயாராக வந்திருந்தார். "அக்கா, ஒரு நிமிசம். இவ்ளோ நாளா நம்ம சபைக்கு சபாநாயகரே இல்ல. உங்களவிட சட்டம் தெரிஞ்சவங்க யாரு? நீங்கதான் சபாநாயகர்!"

பெட்டி கைதட்டியது. அதில் இருந்த சூது எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது. சபாநாயகர் கட்சி எடுத்துப் பேசக் கூடாது, ஓட்டும் போடக் கூடாது. எதிர்க்கட்சியை நாற்காலியில் ஏற்றி வாயைக் கட்டிவிட்டார் மனிதர். அக்கா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். தன்னைத் தேர்ந்தெடுப்பதை எதிர்த்துத் தானே ஓட்டுப் போட்டார், வழக்கம்போலத் தோற்றார், பதவியை ஏற்றுக்கொண்டார். என்னைச் சபைச் செயலராக நியமித்தார். நேரம் பார்ப்பதும் ஸ்டேஷன் பெயர் சொல்வதும் என் வேலை. செயலருக்கும் ஓட்டு இல்லை. என்னிடம் கடிகாரம் இருந்தது, கருத்து இல்லை என்பதால் இந்த ஏற்பாடு எல்லாருக்கும் பிடித்திருந்தது.

மறுநாள் ரயில் புறப்பட்டதும் அக்கா டிபன் டப்பா மூடியைக் கரண்டியால் தட்டினார். "சபை கூடுது. மொதல்ல இரங்கல் குறிப்பு. யார் வீட்லயாச்சும் இழவு உண்டா?" கோர்ட்டில் வேலை பார்ப்பவருடைய பெரிய மாமனாருக்குக் காரியம் நடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வைத்தார். அத்தனை பேரையும் எழுந்து நின்று மௌனமாக இருக்க வைத்தார். நாங்கள் உட்காரும்போது நான், "மயிலம்" என்றேன். அந்தப் பெண்கள் ஏறிவிட்டார்கள். அவர்களை எதிரில் வைத்துக்கொண்டு அந்தத் தீர்மானத்தைப் பேச யாருக்கும் நாக்கு எழவில்லை. "மசோதா காலாவதி. நாளைக்குப் புதுசா கொண்டாங்க" என்றார் சபாநாயகர்.

அடுத்த நாள் கேள்வி நேரம். மின்விசிறி ஏன் சுற்றவில்லை, போன பொங்கலுக்கு வேனில் யார் வாந்தி எடுத்தது, சுற்றுலாவில் மிச்சமான முறுக்குப் பொட்டலம் எங்கே போனது என்று ஒவ்வொருவராகக் கேள்வி கேட்க வைத்தார். முறுக்கு விவகாரத்தில் ஆளுங்கட்சிக்குள்ளேயே கைகலப்பு வரும் போலாகிவிட்டது. மயிலம் வந்துவிட்டது. அதற்கடுத்த நாள் தீர்மானம் விவாதத்துக்கே வந்தது. மேனேஜர் எழுந்து, "அவங்களால நமக்கு..." என்று ஆரம்பித்ததும் மூடியைத் தட்டினார்.

"அவங்கன்னா யாரு? பேர் சொல்லுங்க. பேர் இல்லாம குறிப்புல ஏத்த முடியாது."

"பேர்லாம் எனக்கெப்படிக்கா தெரியும்?"

"தினம் கூட வர்றாங்களே. சரி, தெரிஞ்சிக்கினு வந்து நாளைக்குப் பேசுங்க."

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. எனக்குக் கடை வேலையைவிட ரயில் இனித்தது அந்த இரண்டு வாரமும்தான். ஆனால் மேனேஜரும் சும்மா இல்லை. ஒருநாள் காலை, கையில் செல்போனை விரித்தபடி வந்தார். "அக்கா, பெரும்பான்மை கேட்டா கேள்வி நேரத்த ரத்து பண்ணிட்டு நேரா ஓட்டெடுப்புக்குப் போலாமாம். நாடாளுமன்றத்துலயே பண்ணியிருக்காங்க. இதோ பாருங்க."

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! போனை வாங்கி முழுவதும் படித்தார். "பரவால்லியே, படிச்சிக்கினு வந்திருக்கீங்க. சரி, நாளைக்கு வாக்கெடுப்பு. இனிமே இழுக்க மாட்டேன். எந்த நிமிசம்னு மட்டும் சபாநாயகர் சொல்லுவாங்க" என்றார். மேனேஜர் தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தப் பதினாறு கையும் எழும் என்று எனக்குத் தெரியும். அக்காவின் கையைக் கட்டியாகிவிட்டது. அன்று மாலை பிளாட்பாரத்தில், "ஏன்க்கா ஒத்துக்கினீங்க?" என்று கேட்டேன். "சட்டப்படி கேட்டாரு தம்பி. கேக்கலன்னா நானும் காது அடைச்சுப் போனவங்க மாதிரிதான்" என்றார். அவர் குரலில் முதன்முறையாக உற்சாகம் இல்லை.

மறுநாள் ரயில் புறப்பட்டது. அக்கா மூடியைத் தட்டவில்லை. மேனேஜர், "அக்கா, ஓட்டெடுப்பு" என்றார். "இருங்க." சற்றுப் பொறுத்து மேனேஜர், "ஜல்தி ஆவட்டும்கா, மயிலம் வந்துடப்போவுது" என்றார். "வரட்டும். பார்வையாளர் மாடம் காலியா இருக்குதுல்ல?" என்றார் அக்கா.

நான் கடிகாரத்தைப் பார்த்து, "மயிலம்" என்றேன். பெண்கள் ஏறினார்கள். வழக்கம்போலக் கதவோரம் தரையில் கூடைகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரயில் நகர்ந்ததும் அக்கா எழுந்து நின்று மூடியைத் தட்டினார்.

"யக்கா, கொஞ்சம் இங்க கேளுங்க" என்றார் அந்தப் பெண்களில் மூத்தவரிடம். "நாளையிலேர்ந்து நீங்க இந்தப் பெட்டியில ஏறக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் வந்திருக்குது. இப்ப ஓட்டெடுக்கப் போறோம். நீங்க பேசக் கூடாது, கைதட்டக் கூடாது. பாத்துக்கினு இருக்கலாம்."

மூத்த பெண் மடியில் இருந்த தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் கூடைகளை அருகே இழுத்துக்கொண்டார்கள்.

"குரல் ஓட்டே போதும்கா" என்றார் மேனேஜர், தரையைப் பார்த்தபடி.

"குரல்ல யாரு எவருன்னு தெரியாது. கைதான். இவங்க ஏறக் கூடாதுங்கிறவங்க கை தூக்குங்க."

மேனேஜரின் வலது கை புறப்பட்டது, சட்டைக் காலர் வரை போனது, காலரைச் சரிசெய்துவிட்டு இறங்கியது. அவர் கை எழாததால் வேறு எந்தக் கையும் எழவில்லை. எதிரில் பத்துப் பெண்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுவது சுலபமும் இல்லை.

"சரி. தீர்மானத்த எதிர்க்கிறவங்க கை தூக்குங்க."

அதற்கும் யாரும் தூக்கவில்லை. மேனேஜரை எதிர்த்து நாளைக்கு யாரிடம் இடம் பிடிக்கச் சொல்வது? மிச்சமிருந்த இரண்டு மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே வயலில் எதையோ தேடினார்கள்.

அக்கா அவசரப்படாமல் பெட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "ஆதரவு, யாரும் இல்ல. எதிர்ப்பு, யாரும் இல்ல. ரெண்டு பக்கமும் சமம்." ஒரு மூச்சு விட்டார். "சமமா வந்துட்டா சபாநாயகர் ஓட்டுப் போடணும். அது சட்டம்."

அவர் கை மேலே போனது. ரயில் குலுங்கியது. கம்பியைப் பிடிக்காமல், கையையும் இறக்காமல், ஆடி ஆடி நின்றார். "எதிர்ப்பு, ஒண்ணு. தீர்மானம் தோத்துடுச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்ட வேண்டும் போலிருந்தது, செயலர் தட்டக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். மூத்த பெண்தான் முதலில் பேசினார்.

"அப்ப நாளைக்கு ஏறலாமாம்மா?"

"ஏறலாம்."

"அப்ப கைய எறக்கேன். உழுந்து கிழுந்து வெக்கப்போற."

அக்கா கையை இறக்கினார். ஜெயித்த பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. புடவையைச் சரிசெய்தார், மூடியைப் பைக்குள் வைத்தார், மறுபடி எடுத்தார். பெட்டி அமைதியாகவே இருந்தது. அந்த அமைதி அவருக்குத் தாங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் மேனேஜர் பக்கம் திரும்பி, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"யாருக்கும் ஆட்சேபனை இல்லியா? சார், உங்களுக்கு?"

மேனேஜர் குனிந்து தன் சீட்டுக்கு அடியில் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"ஆட்சேபனை இருக்குதுங்க. கூழ்த் தூக்க நடைவழியில வெக்கக் கூடாது. சீட்டுக்கு அடியில வெக்கணும். என் சீட்டுக்கு அடியில எடம் இருக்குது." சொல்லிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டார்.

மூத்த பெண் தூக்கை அங்கே தள்ளி வைத்தார். அக்கா மூடியைத் தட்டினார். வாழ்நாள் முழுக்க எத்தனையோ ஆட்சேபனை சொல்லியும் அவருக்கு ஒருமுறைகூடக் கிடைக்காத பதிலை, வாயெல்லாம் பல்லாக, அந்த மனிதருக்குக் கொடுத்தார்.

"ஆட்சேபனை ஏத்துக்கப்படுது!"